நம்ம ஊர் கால்பந்து ஆட்டத்துக்குக் கூட்டம் சேர்ப்பது எப்படி? தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் குழுக்களுக்கான கேள்வி பதில்

தருமபுரி, பென்னாகரம், அரூர், பாலக்கோடு பக்கமும், கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், பர்கூர், ஓசூர் பக்கமும் கால்பந்துப் போட்டி நடத்தும் குழுக்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். பையன்கள் நன்றாகவே ஆடுகிறார்கள். பார்க்க வரும் கூட்டம்தான் குறைவு. அதைச் சரிசெய்ய முடியும்.

கேள்வி: ஊர் முழுக்க போஸ்டர் ஒட்டினோம், வாட்ஸாப்பிலும் போட்டோம். ஆட்டத்தன்று நாற்பது பேர்கூட இல்லை. எங்கே தவறு?

உங்கள் போஸ்டரை எடுத்து ஒருமுறை படித்துப் பாருங்கள். கோப்பையின் பெயர் இருக்கும், பரிசுத் தொகை இருக்கும், நன்கொடையாளர்களின் படங்கள் வரிசையாக இருக்கும். ஆடப்போகிறவன் யார் என்று மட்டும் இருக்காது. உலகத்தின் மிகச் சிறந்த ஆட்டங்களை இப்போது கைப்பேசியிலேயே பார்த்துவிடலாம். அதில் பார்க்க முடியாதது பக்கத்து வீட்டுப் பையன் அடிக்கும் கோல் ஒன்றுதான். உள்ளூர் மைதானத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் தெரிந்த முகத்தைத் தேடித்தான் வருகிறார்கள். ஆகவே விளம்பரத்தின் வேலை, ஆடுகிறவர்களின் பெயரை அவரவர் தெருவுக்குக் கொண்டுபோவது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அணிக்கு 18 பேர் வீதம் இரண்டு அணிக்கும் 36 பேர். ஒவ்வொருவரும் பத்துப் பேரை நேரில் அழைத்தால் 360 அழைப்பு. பாதிப் பேர் வந்தாலே 180. எந்த போஸ்டரும் இதைச் செய்யாது. மூன்று வாரம் முன்பே இரண்டு அணியிடமும் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்: பெயர், தெரு, படிக்கும் பள்ளி அல்லது வேலை செய்யும் இடம், ஜெர்சி எண். பிறகு ஒவ்வொருவர் கையிலும் பத்து அழைப்புச் சீட்டைக் கொடுங்கள். சீட்டின் மேலே அவர் பெயர் இருக்கட்டும், கீழே நேரமும் இடமும். அம்மா, மாமா, பழைய பி.டி. சார், வேலை கொடுத்த முதலாளி என்று யாருக்குக் கொடுப்பது என்பதை அவரே முடிவு செய்யட்டும். 'எங்க கடைப் பையன் ஆடுறான்' என்று சொல்லிக்கொண்டு வருகிறவர் தனியாக வரமாட்டார். கடையையே கூட்டிக்கொண்டு வருவார்.

கேள்வி: எந்த நாளில் வைத்தால் கூட்டம் வரும்?

ஞாயிறு என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் எந்த ஞாயிறு என்பதில்தான் பாதிக் கூட்டம் அடங்கியிருக்கிறது. தேதி குறிக்கும்முன் நாள்காட்டியில் சுபமுகூர்த்தத்தைப் பாருங்கள். வளர்பிறை முகூர்த்தம் விழும் ஞாயிற்றில் ஊரே கல்யாண மண்டபத்தில்தான் இருக்கும். மைக் செட், நாற்காலி, வேன் எல்லாம் அன்றைக்குக் கிடைப்பதும் கடினம், கிடைத்தாலும் வாடகை கூடும்.

இந்தக் கணக்கில் பார்த்தால் மார்கழி ஞாயிறுகள் மிக நல்லவை. கல்யாணம் கிடையாது, வெயில் உறைக்காது, மழையும் அநேகமாக ஓய்ந்திருக்கும், டிசம்பர் கடைசியில் அரையாண்டு விடுமுறையும் சேரும். ஆடியிலும் கல்யாணம் இல்லை. ஆனால் மாரியம்மன் கோயில்களில் கூழ் ஊற்றும் ஞாயிறாக இருக்கக்கூடாது. ஆடிப்பெருக்கன்று ஒகேனக்கல் பக்கம் போகிற கூட்டத்தை மைதானத்துக்குத் திருப்ப யாராலும் முடியாது. புரட்டாசி, ஐப்பசியில் மழை ஆட்டத்தைக் கெடுக்கும்.

தை, மாசியில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எருது விடும் விழாக்கள் ஊருக்கு ஊர் நடக்கும். உங்கள் ஊரைச் சுற்றி எந்தத் தேதியில் எந்த ஊரில் விடுகிறார்கள் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அதே நாளில் பந்தை உருட்டினால் உங்கள் ஃபார்வர்டே எருது பார்க்கப் போய்விடுவார். மே முதல் ஜூலை வரை மாங்காய்க் காலம். தோப்பிலும் மண்டியிலும் மாங்கூழ் ஆலையிலும் இருக்கிறவர்களுக்கு ஞாயிறும் வேலை நாள்தான். அந்த மாதங்களில் காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கம் பெரிய ஆட்டம் வேண்டாம். போச்சம்பள்ளியில் ஞாயிறுதான் சந்தை என்பதால், அங்கே சனிக்கிழமை மாலைதான் தோதான நேரம். நோட்டீஸ் கொடுக்க மட்டும் அந்தச் சந்தையைவிட நல்ல இடம் கிடையாது. முந்தைய ஞாயிறு காலையிலேயே போய்விடுங்கள்.

ரம்ஜான் நோன்பு மாதத்தில் மாலை 4 மணி ஆட்டம் வைத்தால் நோன்பு வைத்திருக்கும் வீரர்களும் பார்வையாளர்களும் வர முடியாது. கிருஷ்ணகிரியில் இது கணிசமான கூட்டம். மாவட்ட அளவில் முதலமைச்சர் கோப்பைப் போட்டிகள் நடக்கும் வாரத்தையும் தவிருங்கள், நல்ல ஆட்டக்காரர்கள் அங்கே போயிருப்பார்கள்.

கேள்வி: எத்தனை மணிக்குத் தொடங்குவது?

பொழுது சாயும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். நம் பக்கம் நவம்பர் கடைசியில் 5.50க்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். டிசம்பர் கடைசியில் 6 மணி, ஜனவரி நடுவில் 6.10, ஏப்ரல் நடுவில் 6.30, ஜூலைத் தொடக்கத்தில் 6.45ஐத் தாண்டும். 45 நிமிடம் இரண்டு, இடைவேளை 15, காயத்துக்கு நிறுத்துவது, பந்தைத் தேடுவது என்று ஒரு முழு ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்க வேண்டும். ஆகவே மார்கழியில் 3.45க்கு விசில் ஊதினால்தான் வெளிச்சம் இருக்கும்போதே முடியும். இறுதி ஆட்டம் என்றால் சமநிலையானால் ஆடும் எக்ஸ்ட்ரா டைம் 30 நிமிடம், பெனால்டி அடித்து முடிவு செய்யும் டை பிரேக்கர் 15 நிமிடம் சேர்த்து 3 மணிக்கே தொடங்குங்கள். இருட்டில் அடித்த பெனால்டியால் கைகலப்பு வருவதெல்லாம் தொடங்கும் நேரத்தைக் கணக்குப் பார்க்காததால்தான்.

கோடையில் 4.30க்கு முன் வேண்டாம். வெயிலில் காத்திருந்தவர் அடுத்த வாரம் வரமாட்டார்.

நோட்டீஸில் 3.45 என்றால் 3.45க்குப் பந்து நகர வேண்டும். '3 மணி என்று போட்டால்தான் 4 மணிக்கு வருவார்கள்' என்று நினைப்பது பெரிய தப்பு. நேரத்துக்கு வந்தவரைத் தண்டித்து, தாமதமாக வந்தவரைப் பழக்குகிற வழி அது. இரண்டு ஞாயிறு சரியாகத் தொடங்கிப் பாருங்கள், மூன்றாவது ஞாயிறு கூட்டம் விசிலுக்கு முன்னால் நிற்கும்.

கேள்வி: நாக் அவுட் நல்லதா, லீக் நல்லதா?

நாக் அவுட் என்றால் தோற்ற அணி உடனே வெளியே. லீக் என்றால் பிரிவில் உள்ள எல்லோரோடும் ஒவ்வொரு ஆட்டம். கூட்டத்தை மட்டும் பார்த்தால் லீக். எட்டு அணி நாக் அவுட்டில் மொத்தமே 7 ஆட்டம். முதல் சுற்றிலேயே நாலு அணி வீட்டுக்குப் போய்விடும், அவர்களோடு நாலு ஊர்க் கூட்டமும் போய்விடும். அதே எட்டு அணியை நாலு நாலாக இரண்டு பிரிவாக்கினால் லீக் ஆட்டம் 12, அரையிறுதி 2, இறுதி 1, ஆக 15. ஒவ்வொரு ஊருக்கும் குறைந்தது மூன்று ஆட்டம் உறுதி. முதல் ஆட்டத்தில் தோற்ற ஊர் பழிதீர்க்க இரண்டாவது ஆட்டத்துக்கு இன்னும் அதிகமாக வரும்.

பக்கத்துப் பக்கத்து ஊர்களை ஒரே பிரிவில் போடுங்கள். காவேரிப்பட்டணத்துக்கும் பர்கூருக்கும் ஆட்டம் என்றால் டீக்கடையில் இரண்டு நாள் பேச்சு ஓடும். எங்கோ தூரத்திலிருந்து வரும் பலமான அணியால் அந்தப் பேச்சு வராது. பதினொரு பேர் ஆட்டத்துக்கு இடமோ ஆளோ போதாத ஊரில் ஏழு பேர் ஆட்டம் வையுங்கள். மைதானம் சிறியது, கோல் அதிகம், கூட்டமும் பந்துக்குப் பக்கத்திலேயே இருக்கும்.

கேள்வி: நோட்டீஸில் என்ன இருக்க வேண்டும்?

யார் யாருக்கு ஆட்டம், எந்தக் கிழமை, எத்தனை மணி, எந்த மைதானம், அடையாளம் என்ன, எந்த டவுன் பஸ், அனுமதி இலவசமா. இவ்வளவும் மூன்றடி தூரத்திலிருந்து படிக்கத் தெரிய வேண்டும். மாதிரிக்கு:

'காவேரிப்பட்டணமா? பர்கூரா? ஞாயிறு மாலை சரியாக 3.45. அரசு மேல்நிலைப்பள்ளி மைதானம், பஸ் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடை. 3 மணிக்குப் பெண்கள் ஆட்டம். அனுமதி இலவசம். பெண்களுக்குத் தனி இருக்கை, கழிப்பறை உண்டு.'

பின்பக்கம் முழுக்க இரண்டு அணியின் பெயர்ப் பட்டியல், எண்ணோடும் தெருவோடும். அந்தப் பட்டியல் இருந்தால் நோட்டீஸைக் கசக்கிப் போடமாட்டார்கள், தெரிந்த பெயரைத் தேடுவார்கள். மைதானத்துக்கும் மடித்து எடுத்து வருவார்கள்.

டவுன் பஸ் விவரத்தை விட்டுவிடாதீர்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண அரசு நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. எந்தத் தடப் பேருந்து, எத்தனை மணிக்கு, திரும்பிப் போகக் கடைசிப் பேருந்து எப்போது என்று அச்சிட்டால் சுற்றுக் கிராமத்து அம்மாக்களும் மாணவிகளும் துணிந்து வருவார்கள்.

நோட்டீஸை எங்கே கொடுப்பது? சலூன், டூவீலர் பட்டறை, ஞாயிறு காலை கறிக்கடை. மூன்றிலும் ஆள் காத்திருக்கிறார், கையில் வேலையில்லை. வெள்ளிக்கிழமை பேப்பர் ஏஜென்டிடம் கொடுத்தால் சனிக்கிழமை நாளிதழோடு வீட்டுக்கே போகும். பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியர் மூலம் காலை இறைவணக்கக் கூட்டத்தில் ஒரு வரி சொல்லச் சொல்லுங்கள். அந்தப் பள்ளியில் படித்தவன் ஆடுகிறான் என்றால் ஆசிரியரே இரண்டு வரி சேர்த்துச் சொல்வார்.

கேள்வி: ஆட்டோவில் மைக் கட்டி அறிவிப்பது இன்னும் பலிக்குமா?

நன்றாகவே பலிக்கும், சரியாகப் பேசினால். ஆட்டோ ஒரு வீட்டைக் கடக்க பத்துப் பதினைந்து வினாடிதான் ஆகும். 'பெரியோர்களே, தாய்மார்களே' என்று தொடங்கி விழாக்குழுத் தலைவர் பெயருக்கு வருவதற்குள் ஆட்டோ அடுத்த தெருவில் இருக்கும். எந்த இடத்தில் காதில் விழுந்தாலும் செய்தி முழுதாகப் போய்ச்சேர வேண்டும். இப்படிப் பதிவு செய்யுங்கள்:

'நாளை ஞாயிறு மூணே முக்காலுக்கு, நம்ம பள்ளி மைதானத்துல ஃபுட்பால் மேட்ச்! கோட்டைத் தெரு பசங்க ஆடுறாங்க, வந்து பாருங்க!'

பத்து வினாடி. தெருவுக்குத் தெரு அந்தத் தெருவின் பெயரை மாற்றிப் பதிந்துகொண்டால் இன்னும் நல்லது. கைப்பேசியிலேயே ஆறேழு பதிவு செய்துவிடலாம். முந்தைய நாள் மாலை 4 முதல் 7 வரை ஒரு சுற்று, ஆட்டத்தன்று காலை 10 மணிக்கு ஒரு சுற்று. காவல் நிலையத்தில் ஒலிபெருக்கி அனுமதி வாங்கிய பிறகே வண்டியைக் கிளப்புங்கள். கூம்பு ஒலிபெருக்கி வேண்டாம், பெட்டி ஒலிபெருக்கிதான். இரவு 10 முதல் காலை 6 வரை எந்த ஒலிபெருக்கியும் கூடாது.

கேள்வி: பெரிய ஃப்ளெக்ஸ் வைக்கலாமா?

சாலையோரத்தில் வேண்டாம். உள்ளாட்சியின் அனுமதி இல்லாமல் வைப்பது குற்றம். 2019 செப்டம்பரில் சென்னையில் பேனர் விழுந்து ஒரு இளம்பெண் உயிரிழந்ததை மறக்கக்கூடாது. அந்தப் பணத்தில் மைதானத்துக்குள் துணிப் பேனரும் கோல் கம்பத்துக்கு நல்ல வலையும் வாங்குங்கள். வலை குலுங்குவதைப் பார்க்கத்தான் ஜனம் வருகிறது. வலை இல்லாவிட்டால் பந்து கம்பத்துக்கு உள்ளே போனதா வெளியே போனதா என்ற சண்டைதான் மிஞ்சும்.

கேள்வி: வாட்ஸாப், இன்ஸ்டாகிராமில் என்ன போடுவது?

ஒரே போஸ்டரைப் பத்து நாள் போட்டால் மூன்றாம் நாளே கண் பழகிவிடும். நாளுக்கு ஒரு ஆட்டக்காரர் என்று போடுங்கள். படம் அவர் வேலை செய்யும் பட்டறை வாசலிலோ, அவர் தெரு ரேஷன் கடை முன்னாலோ எடுத்ததாக இருக்கட்டும். முகம் தெளிவாகத் தெரிய வேண்டும். நெருப்பும் மின்னலும் வைத்து வெட்டி ஒட்டிய படத்தில் ஆளே அடையாளம் தெரியாது. அந்தப் படத்தை முதலில் ஸ்டேட்டஸில் வைக்க வேண்டியது உங்கள் குழு இல்லை, அந்தப் பையனும் அவன் அக்கா, அண்ணனும்தான். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர் என்றால் பெற்றோரைக் கேட்டுவிட்டே போடுங்கள்.

பயிற்சியில் எடுத்த 20 வினாடி காணொளி, கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்து எடுத்தது, போதும். ஒரு ஃப்ரீ கிக், ஒரு கோல்கீப்பர் பாய்ச்சல். ஆட்டத்தன்று மதியம் 1 மணிக்கு மைதானத்தின் லொக்கேஷனை எல்லாக் குழுவிலும் போடுங்கள். வழி தெரியாமல் திரும்பிப் போகிற பைக்குகள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். உள்ளூர் கேபிள் சேனலில் கீழே ஓடும் வரி விளம்பரத்தையும் கேட்டுப் பாருங்கள், வீட்டிலிருக்கும் பெரியவர்களுக்கு அது போய்ச்சேரும்.

கேள்வி: ஓசூரில் இதெல்லாம் எடுபடுமா? அங்கே யாருக்கு யாரையும் தெரியாதே.

ஓசூருக்குக் கணக்கு வேறு. அங்கே தெருவுக்குப் பதில் கம்பெனி. சிப்காட் தொழிற்பேட்டைப் பகுதியில் ஷிப்ட் முடிந்து வருகிறவர்களில் கேரளம், வங்காளம், வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வந்த இளைஞர்கள் நிறைய உண்டு. கால்பந்து அவர்கள் ரத்தத்தில் ஊறியது, இங்கே ஆடவோ பார்க்கவோ இடம் தெரியாமல் அறையில் படுத்திருக்கிறார்கள். அவர்களை ஓர் அணியாகச் சேர்த்தாலே கூட்டமும் கூடவே வரும். கம்பெனிக்கு ஒரு அணி, மாநிலத்துக்கு ஒரு அணி என்று வைக்கலாம். நோட்டீஸ் தமிழோடு கன்னடத்திலும் தெலுங்கிலும், முடிந்தால் மலையாளத்திலும் இந்தியிலும் ஒவ்வொரு வரி இருக்கட்டும். முதல் ஷிப்ட் பல இடங்களில் பிற்பகல் 2 மணியோடு முடியும், 4 மணி ஆட்டம் அவர்களுக்குப் பொருந்தும். வார விடுமுறை எல்லாக் கம்பெனிக்கும் ஞாயிறு இல்லை. மனிதவளப் பிரிவில் கேட்டுத் தேதி குறியுங்கள். நோட்டீஸைக் கம்பெனி கேன்டீன் பலகையிலும், தொழிலாளர் தங்கும் விடுதி வாசலிலும், மெஸ்களிலும் ஒட்டுங்கள்.

கேள்வி: பெண்களும் குடும்பங்களும் வருவதே இல்லை. ஏன்?

கழிப்பறை இல்லை, உட்கார இடமில்லை, சுற்றிலும் கெட்ட வார்த்தை. மூன்றையும் சரிசெய்யாமல் அழைப்பதில் பயனில்லை. பள்ளி மைதானம் என்றால் மாணவியர் கழிப்பறையைத் திறந்து வைக்கத் தலைமை ஆசிரியரிடம் முன்பே எழுத்தில் கேளுங்கள். தண்ணீர் வருகிறதா, உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா என்று முந்தைய நாளே பார்த்துவிடுங்கள். நுழைவாயிலுக்குப் பக்கத்தில், நிழல் விழும் இடத்தில் ஐம்பது நாற்காலி தனியாகப் போட்டு, பக்கத்தில் இரண்டு பெண் தன்னார்வலர்களை நிறுத்துங்கள்.

அதைவிடப் பலமான வழி, முதல் ஆட்டத்தைப் பெண்களுடையதாக வைப்பது. மகள் ஆடினால் அம்மா, அத்தை, பாட்டி எல்லோரும் வருவார்கள். தமிழ்நாட்டுப் பெண்கள் அணி தேசிய சீனியர் சாம்பியன் பட்டத்தை 2018லும் 2023லும் வென்றிருக்கிறது. மதுரையின் சேது எஃப்.சி. 2019இல் இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது. இதைப் பள்ளிகளில் சொல்லுங்கள், அணி கேட்டு மாணவிகளே வருவார்கள். 3 மணிக்குத் தொடங்கி 15 நிமிடம் இரண்டு பாதி போதும்.

கேள்வி: மைதான ஏற்பாட்டில் கூட்டத்தைப் பாதிப்பது எது?

பந்து தெரியவில்லை என்றால் யாரும் நிற்கமாட்டார்கள். கோல் கம்பங்கள் வடக்கிலும் தெற்கிலும் இருந்தால் மாலை வெயில் கோல்கீப்பர் கண்ணில் அடிக்காது. பார்வையாளர்களை மேற்குப் பக்கம் உட்கார வையுங்கள், சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும். கிழக்குப் பக்கம் நாற்காலி போட்டால் கடைசி ஒரு மணி நேரம் கையை நெற்றியில் வைத்தபடிதான் பார்க்க வேண்டும். முதல் வரிசைக்குத் தார்ப்பாய் விரித்துக் குழந்தைகள், அடுத்து நாற்காலி, அதற்குப் பின்னால் நிற்பவர்கள், கடைசியில் பைக் மேல் உட்காருகிறவர்கள். இந்த வரிசை மாறினால் பின்னால் நிற்பவர் முன்னால் வருவார், கோடு மறைந்துவிடும்.

90 மீட்டர் நீளம், 55 மீட்டர் அகல மைதானத்தில் கோட்டிலிருந்து 2 மீட்டர் தள்ளிச் சுற்றிலும் கயிறு கட்ட 306 மீட்டர் தேங்காய்நார்க் கயிறு வேண்டும். 3 மீட்டருக்கு ஒரு சவுக்குக் கம்பம் என்றால் 102 கம்பம். முடிச்சுக்குச் சேர்த்து 350 மீட்டர் கயிறாக வாங்குங்கள். கம்பத்தின் மேல்முனை கூராக இருக்கக்கூடாது, சீவி மழுக்குங்கள்.

கோடு போடச் சுண்ணாம்புத் தூள் வேண்டாம். வியர்வை பட்டால் தோல் வெந்துபோகும், கண்ணில் விழுந்தால் பார்வைக்கே ஆபத்து. வெள்ளைக் கோலமாவு போதும். மேலே சொன்ன அளவுக்கு எல்லாக் கோடும் சேர்த்து ஏறத்தாழ 650 மீட்டர் வரும், மூன்று 25 கிலோ மூட்டை பிடிக்கும். ஒரு மூட்டை கூடுதலாக வைத்திருங்கள்.

நகர்த்தக்கூடிய கோல் கம்பமாக இருந்தால் பின் கம்பியில் ஒரு கோலுக்கு நான்கு மணல் மூட்டையாவது கட்டாயம். இடைவேளையில் சிறுவர்கள் குறுக்குக் கம்பியைப் பிடித்துத் தொங்குவார்கள். கம்பம் முன்பக்கம் சாய்ந்து தலையில் விழுந்தால் உயிரே போகும். இரண்டு கோலுக்கும் ஒவ்வொரு ஆளை நிறுத்துங்கள்.

தண்ணீர்: கோடையில் ஆளுக்கு அரை லிட்டர். 500 பேருக்கு 250 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் 13. இரண்டு கூடுதலாக, 15. தண்ணீர் பாக்கெட்டும் பிளாஸ்டிக் கப்பும் 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை. சங்கிலி போட்ட சில்வர் டம்ளர் இருக்கட்டும். ராகிக்கூழ், மோர், சுண்டல், டீ விற்பவர்களை ஒரே மூலையில் நிறுத்தாமல் இரண்டு பக்கமும் பிரியுங்கள்.

கேள்வி: வர்ணனை தேவையா?

கட்டாயம். ஆஃப்சைடு என்றால் என்னவென்று தெரியாத நூறு பேர் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். அவர்களைக் கடைசிவரை உட்கார வைப்பது மைக்தான். வர்ணனையாளர் கையில் பெயர்ப் பட்டியல் ஆட்டத்துக்கு 45 நிமிடம் முன்பே இருக்க வேண்டும். 'எட்டாம் நம்பர்' என்று சொல்லாமல், 'எட்டாம் நம்பர், பழையபேட்டை, ஐ.டி.ஐ.யில ஃபிட்டர் படிக்கிற தம்பி, ரைட்ல ஓடுறாரு' என்று சொல்லிப் பாருங்கள், அந்தப் பக்கம் கைதட்டல் எழும். லைன்ஸ்மேனின் கொடி ஏறியதும் ஒரே வரியில் காரணம்: 'பந்தை அடிக்கும்போது கடைசி பேக்கைத் தாண்டி நின்னாரு, அதனால ஆஃப்சைடு.' சேம் சைடு கோல் போட்ட பையனைக் கிண்டல் செய்யக்கூடாது. அவன் அப்பா கூட்டத்தில் இருப்பார். ரெஃப்ரியின் முடிவைப் பற்றி மைக்கில் கருத்துச் சொல்லவே கூடாது, பல சண்டைகளுக்கு விதை அங்கேதான். பந்து பெனால்டி பாக்ஸுக்குள் இருக்கும்போது விளம்பரம் படிக்காதீர்கள்.

கேள்வி: சிறப்பு விருந்தினர் தாமதமானால் ஆட்டத்தை நிறுத்தி வைக்கலாமா?

வேண்டாம். அழைக்கும்போதே 'இடைவேளையில் அணிகளை அறிமுகம் செய்து வைக்கிறோம்' என்று சொல்லிவிட்டால் சங்கடம் வராது. பொன்னாடை, பேச்சு எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம். இடைவேளையே 15 நிமிடம்தான். மேடையை நடுக்கோட்டில் போட்டு மறைக்காமல் மூலையில் போடுங்கள்.

கேள்வி: டிக்கெட் போடலாமா? குலுக்கல் பரிசு வைக்கலாமா?

முதல் ஆண்டு இலவசமாக விடுங்கள். கூட்டம் பழகிய பிறகு அரையிறுதி, இறுதிக்கு மட்டும் சிறு கட்டணம் வைக்கலாம், பள்ளிப் பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் இலவசமாக. பணம் வாங்கிக் குலுக்கல் சீட்டு விற்கவே கூடாது. லாட்டரி 2003 முதல் இங்கே தடைசெய்யப்பட்டது. நோட்டீஸின் ஓரத்தில் எண் அச்சிட்டு, மைதானத்துக்கு அதை எடுத்து வருகிறவர்களுக்கு இலவசமாகப் பரிசு தருவது வேறு. அதற்கும் காவல் நிலையத்தில் முன்பே சொல்லிவிடுங்கள். இரண்டாம் பாதியின் 20ஆம் நிமிடத்துக்குப் பிறகு எண்ணை அறிவித்தால் கூட்டம் கலையாது. வென்ற அணிக்குக் கிடா ஒன்று பரிசாக அறிவித்து மைதானத்திலேயே கட்டி வைத்தால், குழந்தைகள் முதல் பெரியவர் வரை அதைச் சுற்றியே பேச்சு நடக்கும். அதற்கு நிழலும் தண்ணீரும் வைக்க மறக்காதீர்கள்.

கேள்வி: நன்கொடையாளர்களை எப்படிப் பிடிப்பது?

வெறும் நன்கொடை கேட்காமல் பொருளாகக் கேளுங்கள். பேக்கரி வாழைப்பழமும் பன்னும் தரும், தண்ணீர் கேன் ஏஜென்சி கேன் தரும், பந்தல்காரர் நாற்காலி தருவார். யார் எதைத் தந்தார் என்று மைக்கில் சொல்லும்போது ஜனம் அதைக் கண்ணால் பார்க்கிறது. ஆட்டம் முடிந்த மூன்று நாளுக்குள் அவர் பேனரும் கூட்டமும் ஒன்றாகத் தெரியும் படத்தோடு, வரவு செலவையும் கொண்டுபோய்க் கொடுங்கள். அடுத்த ஆண்டு நீங்கள் கேட்க வேண்டியிருக்காது. ஆன்லைன் சூதாட்டம், புகையிலை, மது தொடர்பான பணம் எவ்வளவு பெரியதானாலும் வேண்டாம். பிள்ளைகள் பார்க்கிற இடம்.

கேள்வி: சண்டை வந்தால்?

வருவதற்கு முன் செய்ய வேண்டியதுதான் அதிகம். ரெஃப்ரி இரண்டு ஊருக்கும் சம்பந்தமில்லாதவராக, வேறு மாவட்டத்தவராக இருக்கட்டும். இரண்டு ஊர் ஆதரவாளர்களையும் நடுக்கோட்டின் இரு பக்கமாக உட்கார வையுங்கள். 50 பேருக்கு ஒரு தன்னார்வலர், ஒரே நிறச் சட்டையில். ஊர்ப் பெரியவர் ஒருவர் அந்தந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தால் அதுவே பாதிக் காவல். முறையீடு என்றால் கேப்டன் மட்டும், எழுத்தில், ஆட்டம் முடிந்த அரை மணிக்குள் என்று விதிமுறைத் தாளில் முன்பே கையெழுத்து வாங்குங்கள். ஒருமுறை கல் பறந்தால் குடும்பங்கள் திரும்பி வர நீண்ட காலம் பிடிக்கும். அதனால் குடித்துவிட்டு வருகிறவரை வாசலிலேயே மரியாதையாகத் திருப்பி அனுப்புங்கள், அவர் யாராக இருந்தாலும்.

கேள்வி: மழை வந்துவிட்டால்?

தூறலுக்கு ஆடலாம். இடி கேட்டால் உடனே ஆட்டத்தை நிறுத்தி, எல்லோரையும் பள்ளிக் கட்டடத்துக்குள் அனுப்புங்கள். புளியமரத்தடியிலும் இரும்புக் கம்பத்தின் அருகிலும் ஒருவர்கூட நிற்கக்கூடாது. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகே மீண்டும் மைதானம். ஏப்ரல், மே மாலைகளிலும் ஐப்பசியிலும் இது அடிக்கடி நேரும். மாற்றுத் தேதியை நோட்டீஸிலேயே அச்சிட்டுவிட்டால் குழப்பம் இல்லை. 108க்கு எந்த வழியாக வண்டி உள்ளே வரும் என்று முடிவு செய்து, அந்த வழியில் ஒரு பைக்கைக்கூட நிறுத்தவிடாதீர்கள்.

கேள்வி: கூட்டம் கூடியதா இல்லையா என்று எப்படி அளப்பது?

கண்ணால் பார்த்து 'ஆயிரம் பேர்' என்று சொல்வது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது. முதல் பாதியின் 20ஆம் நிமிடத்தில் ஒருமுறை, இரண்டாம் பாதியின் 20ஆம் நிமிடத்தில் ஒருமுறை, கயிற்றுக் கம்பத்துக்குக் கம்பம் எண்ணுங்கள். இரண்டாவது எண்ணிக்கை குறைந்தால் கோளாறு விளம்பரத்தில் இல்லை, மைதானத்தில். தண்ணீரா, வெயிலா, பேச்சா என்று தேடுங்கள். வாசலில் இருவர் நின்று வருகிறவர்களில் பத்தில் ஒருவரிடம் 'எந்த ஊருங்க, எப்படித் தெரிஞ்சுது?' என்று கேட்டுக் கோடு போட்டுக்கொள்ளட்டும். சலூன் நோட்டீஸில் பதினைந்து கோடு, கேபிள் வரியில் ஒரே ஒரு கோடு என்றால் அடுத்த ஆட்டத்துக்குப் பணத்தை எங்கே போடுவது என்று அந்தத் தாளே சொல்லிவிடும்.

அன்றிரவு 8 மணிக்குள் ஸ்கோர், கோல் போட்டவர் பெயர், தெரு, ஒரு நல்ல படம், அடுத்த ஆட்டத்தின் தேதி, நேரம் எல்லாம் எல்லாக் குழுவிலும் போயிருக்க வேண்டும். மறுநாள் காலை டீக்கடையில் பேச்சு தொடங்கும்போது அடுத்த ஞாயிறு எத்தனை மணி என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.